25 துண்டு இலங்கை ஜிக்சோ: வகுப்பறைக்கு வாங்கலாமா?

அடித்தட்டில் 9 மாகாணங்களின் எல்லைக் கோடு, மேலே பொருத்த 25 மாவட்டத் துண்டுகள், ஒரு மாகாணத்துக்கு ஒரு நிறம். இந்த இரண்டடுக்குக்காகவே வாங்கலாம். 9 துண்டுகள் மட்டும் உள்ள படத்தில், எந்த மாவட்டங்கள் சேர்ந்து ஊவா மாகாணம் ஆகிறது என்பது பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

படம் புதியதா என்று பார்க்க இரண்டு இடம் போதும். கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமானது; இதில் தனித் துண்டாக இருக்கிறது. வடக்கும் கிழக்கும் வேறு வேறு நிறம். 1988இல் செய்த இணைப்பு செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2007 ஜனவரி 1 முதல் இரண்டும் தனித்தனி. இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் அது இணைந்திருந்த காலத்துப் படம்.

பின்பக்கத்து ஆண்டுப் பட்டியல் அருமை: 1833இல் 5 மாகாணம், 1845 வடமேல், 1873 வடமத்தி, 1886 ஊவா, 1889 சப்ரகமுவ. அநுராதபுரத் துண்டை வடக்கோடும் பொலன்னறுவையைக் கிழக்கோடும் ஒட்டி வையுங்கள். 1873க்கு முந்திய எல்லை ஏறக்குறையக் கண்முன் வந்துவிடும். எந்தப் பாடப் பக்கமும் இவ்வளவு சீக்கிரம் புரியவைக்காது.

கூட வரும் தாளில்தான் பெரிய பிழை. மாவட்டச் செயலகத்தை மாகாண சபைக்குக் கீழே கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கச்சேரி என்று சொல்லும் அந்தச் செயலகம் மத்திய அரசின் அலுவலகம். அதன் தலைவரான அரசாங்க அதிபருக்கு மேலே இருப்பது கொழும்பு, முதலமைச்சர் அல்ல. மாகாண சபை 1987இன் 13ஆம் திருத்தத்தால் வந்த வேறு ஏற்பாடு, அதன் ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. அந்தக் கோட்டை அழித்துவிட்டே பிள்ளைகளிடம் கொடுங்கள். 'உங்கள் முதலமைச்சர் யார்?' என்ற பயிற்சிக் கேள்வியையும் விட்டுவிடலாம்: 2019க்குள் எல்லாச் சபைகளின் காலமும் முடிந்து, நிர்வாகம் ஆளுநர்கள் கைக்குப் போனது.

பலகை எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்தது. மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதும். ஓரத்திலிருந்து பொருத்திக்கொண்டு வந்தால் கடைசியில் மாத்தளை உட்காராது. விளிம்பை 220 இலக்க உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் சரியாகும். மன்னார்த் துண்டில் தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கும் கழுத்து மிக ஒல்லி, முதலில் முறிவது அதுதான். வாங்கிய அன்றே பின்பக்கம் அட்டைத் துண்டொன்றை மரப் பசையால் ஒட்டிவிடுங்கள்.