பெசன்ட் நகரில் ஆமைக்குஞ்சைக் கடலில் விடுவது: பிள்ளைகளோடு போகலாமா?

கண்ணகி நகரில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளை ஏப்ரலில் அழைத்துப் போனேன். தாராளமாகப் போகலாம். 1988 முதல் மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு, பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறது. குஞ்சு வெளிவர 45 நாளுக்கு மேலாகும்.

உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு, துடுப்பை அடித்து மணலில் கோடு போட்டபடி நகர்ந்தது. “மிஸ், இதோட அம்மா எங்க?” என்றாள் ஆறாவது படிப்பவள். முட்டையிட்ட கையோடு தாய் கடலுக்குப் போய்விடும் என்றதும் அவளுக்குக் கோபம்!

கூட்டம்தான் தொல்லை. செல்போன் டார்ச் வெளிச்சத்தில் குஞ்சுகள் திசை மாறும்; சொன்னாலும் பெரியவர்கள் கேட்பதில்லை, பொடிசுகள் பார்க்க முடியாதபடி மறைத்தும் நிற்கிறார்கள். சனி, ஞாயிறு வேண்டாம். அப்புறம், தண்ணீர் கொண்டுபோங்கள்.