இரண்டு சேம்பர், ஒரே தோட்டா: உறையை எதற்கு அளவெடுப்பது?

என்னிடம் 7 மிமீ ரெமிங்டன் மேக்னம் ரைஃபிள்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று பழையது, அதன் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) தொளதொள. மற்றொன்றுக்குப் பேரல் மாற்றியபோது சேம்பரை இறுக்கமாக வெட்டச் சொன்னேன். மொன்டானாவில் எல்க் (பெரிய மான்) வேட்டை சீசனுக்கு இரண்டும் கூடவே வரும். சுட்ட பித்தளை உறைகளை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறேன். சுடும்போது உறை சேம்பர் அளவுக்கு விரிந்துவிடும், நிரப்புமுன் அதை அழுத்திச் சுருக்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும்படி எல்லா உறையையும் ஒரே அளவுக்கு அழுத்துவதா, ரைஃபிளுக்கு ஒரு பெட்டி வைத்துத் தனித்தனியாக அளவெடுப்பதா? இரண்டு வழியிலும் சில வருடம் ஓட்டியாயிற்று. இப்போது நான் தனித்தனிக் கட்சி.

ஒரே அளவின் சௌகரியம் சொல்லாமலே தெரியும். டையை (உறையை அழுத்தும் அச்சு) ஷெல்ஹோல்டரில் (உறையின் அடியைப் பிடிக்கும் தாங்கி) முட்டும்வரை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. எந்தத் தோட்டாவும் எந்த ரைஃபிளிலும் போகும். வருடத்துக்கு இருபது குண்டு சுடுகிறவர் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

எனக்குக் கணக்கு உதைத்தது உறையின் ஆயுளில். அதற்குக் காரணம் உறையின் அடியைச் சுற்றியிருக்கும் பெல்ட். 1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி .375 மேக்னத்தைக் கொண்டுவந்தபோது அதன் தோள் (உறை கழுத்தை நோக்கிக் குறுகும் இடம்) சரிவாக, பெயருக்குத்தான் இருந்தது. தோட்டா சேம்பருக்குள் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானிக்க அடியில் ஒரு பட்டை தேவைப்பட்டது. 1962இல் வந்த 7 மிமீ ரெமிங்டனுக்கு நல்ல தோளே இருக்கிறது. இருந்தும் தாத்தா கட்டிய பெல்ட்டைப் பேரனும் கட்டிக்கொண்டிருக்கிறான். பெல்ட்தான் தாங்குகிறதே என்று தோள் பக்கம் இடைவெளியைத் தாராளமாக விட்டுவிடுகிறார்கள்.

புது உறையைச் சுடுவதற்கு முன்னும் பின்னும் கம்பேரேட்டரில் (தோள் எங்கே நிற்கிறது என்று அளக்கும் கருவி) அளந்தேன். பழைய ரைஃபிளில் தோள் 0.018 அங்குலம் முன்னே போயிருந்தது, புதியதில் 0.006தான். முதல் தடவை பரவாயில்லை, பித்தளை தாங்கும். ஆனால் டையை முட்டவிட்டு அழுத்தினால் தோள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அடுத்த குண்டில் மறுபடி முன்னே ஓடும். வெடிக்கும்போது உறையின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பகுதி போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) நோக்கிப் பின்னே தள்ளப்படுகிறது. நடுவில் இழுபடுவது பெல்ட்டுக்குச் சற்று மேலே உள்ள சுவர். ஒவ்வொரு சுற்றிலும் அது மெலிந்துகொண்டே போகும்.

நான்காவது நிரப்பலுக்கு முன் கழுவிக் காயவைத்த உறைகளில் பெல்ட்டுக்கு மேல் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, உள்ளே விட்டுச் சுவரோடு மேலே இழுத்தேன். டக்கென்று ஒரு பள்ளத்தில் மாட்டியது. ஒன்றை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், சுவரில் நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம் உள்ளே சுற்றி ஓடியது. இன்னும் ஒன்றிரண்டு குண்டில் சேம்பருக்குள்ளேயே இரண்டாகப் பிய்ந்திருக்கலாம். நாற்பது உறையையும் நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டேன்.

இப்போது பெல்ட்டையே மறந்துவிட்டு, தோளை வைத்து அளவெடுக்கிறேன். போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னை (தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசி) கழற்றிவிட்டு, காலி உறையைப் போட்டு மூடிப் பார்ப்பேன். கைப்பிடி லேசான தடையோடு இறங்கும்வரை டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவேன். அங்கிருந்து தோள் 0.002 அங்குலம் பின்னே போனால் போதும். டையை ஒவ்வொரு முறையும் திருக அலுப்பாக இருந்ததால் ரெட்டிங் கம்பெனியின் காம்பெடிஷன் ஷெல்ஹோல்டர் செட் வாங்கினேன். 0.002 முதல் 0.010 அங்குலம் வரை ஐந்து உயரங்களில் வருகிறது; உயரம் கூடக்கூட தோள் குறைவாகப் பின்னே போகும். பழைய ரைஃபிளுக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. அந்தப் பழைய ரைஃபிளிலேயே உறைகள் ஏழு சுற்று தாண்டிவிட்டன, கிளிப் இன்னும் எங்கும் மாட்டவில்லை.

தொல்லை இல்லாமல் இல்லை. ஒரு நவம்பர் காலையில் தொளதொள ரைஃபிளின் தோட்டா ஒன்று இறுக்கமான ரைஃபிளுக்குள் போய், போல்ட் பாதியில் நின்றுவிட்டது. அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் எல்க் மலையேறிவிட்டது. அதற்கப்புறம் பெட்டிக்கும் உறையின் அடிக்கும் சிவப்பு, கறுப்பு மார்க்கர். சீசனுக்கு எடுத்துப்போகும் தோட்டா ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ரேஞ்சில் சேம்பரில் ஏற்றிப் பார்த்துவிடுகிறேன்.

கழுத்தை மட்டும் அழுத்தும் வழியும் உண்டு. இரண்டு மூன்று சுற்றிலேயே போல்ட்டை மூடுவது கடினமானதால் விட்டுவிட்டேன். பெல்ட்டுக்கு மேலே சாதாரண டை எட்டாத இடத்தில் வரும் புடைப்புக்குத் தனியாக காலெட் டை விற்கிறார்கள். கடன் வாங்கிப் பத்து உறையில் போட்டுப் பார்த்தேன், இறுக்கமான சேம்பரில் வழுக்கிக்கொண்டு போயின. பத்தை வைத்து வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். .375 வைத்திருப்பவர்களுக்கும் என் கணக்கு அப்படியே செல்லுமா தெரியாது. அந்தச் சரிவுத் தோளில் நான் அளவெடுத்ததே இல்லை.