வீட்டு முகப்பில் எந்த அலங்காரப் பனை: ராயலா, அரிக்காவா, ஃபாக்ஸ்டெயிலா?

சென்னைப் புறநகரில் அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டி முடித்தவர்கள், சுற்றுச்சுவருக்கும் முகப்புக்கும் இடையே எஞ்சும் சில அடி மண்ணில் ஓர் அலங்காரப் பனை வைக்கலாம் என்று நர்சரிக்குப் போனால், பெரும்பாலும் ராயல் பாம், அரிக்கா பாம், ஃபாக்ஸ்டெயில் பாம் ஆகிய மூன்றையே காட்டுவார்கள். எங்கள் வீட்டில் ஃபாக்ஸ்டெயில் வைத்திருக்கிறோம்; ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றும் நம் வெயிலைத் தாங்கும். மூன்றுக்கும் தென்னையைப் போல நார்வேர்தான். ஆல், அரசு வேர்களைப் போலப் பருத்து அடித்தளத்தைப் பிளக்காது. விலையில் அரிக்காவே மலிவு. அழகைப் பற்றி வாதிட்டுப் பயனில்லை. வைத்தபின் ஆண்டு முழுதும் உதிரும் ஓலையை யார், எப்படி அப்புறப்படுத்துவது என்பதுதான் இந்தத் தேர்வைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி. நர்சரியில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தென்னை வளர்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. காய்ந்த மட்டை மரத்திலேயே தொங்கும். இழுத்துப் போட ஆள் தேட வேண்டும். ராயலும் ஃபாக்ஸ்டெயிலும் அப்படியல்ல. இவற்றின் மட்டையடி, பாக்கு மட்டையைப் போலவே, தண்டின் மேற்பகுதியை வழவழப்பான பச்சைக் குழாயாகச் சுற்றியிருக்கும். ஓலை முதிர்ந்து காய்ந்ததும் அந்த உறையோடு தானாகவே கழன்று விழுந்துவிடும். மரமேறியும் வேண்டாம், அரிவாளும் வேண்டாம்.

ஆனால் தானாக விழும் ஓலை எந்த உயரத்திலிருந்து, என்ன எடையோடு விழுகிறது என்று பார்க்கும்போது ராயல் தோற்றுவிடுகிறது. கியூபாவின் தேசிய மரமான இது 60 அடியைத் தாண்டி வளரக்கூடியது. ஓர் ஓலை 10 அடிக்கு மேல் நீண்டு, பல கிலோ எடையோடு இருக்கும். நன்கு வளர்ந்த மரம் ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்றாக அவற்றை உதிர்க்கும். கல்லூரி வளாகத்தின் நீண்ட சாலையில் அது கம்பீரம். கீழே கார், பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, எதிரே மின்கம்பி என்று நெருங்கிய தெருவில் அது ஓயாத கவலை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்ததைப் பார்த்தவர்கள், அவ்வளவு பெரிய ஓலை காற்றில் எங்கே போய் விழும் என்பதை யோசிக்காமல் ராயலை நடக்கூடாது.

அரிக்காவின் சிக்கல் வேறு விதமானது. மடகாஸ்கரிலிருந்து வந்த இது தூராக வளர்வது. அண்டை வீட்டு ஜன்னலுக்கு எதிரே பச்சைத் திரை வேண்டுமென்றால் இதற்கு இணையில்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காய்ந்த ஓலைகள் தண்டுகளுக்கிடையே சிக்கி நின்றுவிடும். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தூருக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். பக்கக் கன்றுகளையும் அவ்வப்போது கழிக்க வேண்டும். சில மாதங்கள் கவனிக்காமல் விட்டால் உள்ளே குளவிக் கூடும் குப்பையும் சேர்ந்துவிடும். உப்பான போர்வெல் தண்ணீரில் ஓலை நுனி கருகுவதும் இதில் சட்டென்று கண்ணுக்குத் தெரியும். மாடித்தொட்டியில், எட்டும் உயரத்தில் வைப்பவர்களுக்கு இது பெரிய வேலையல்ல. அவர்கள் தயங்காமல் அரிக்காவையே வாங்கலாம்.

ஃபாக்ஸ்டெயில் பெரும்பாலும் 30 அடி அளவில் நின்றுவிடுவது; ஒரே தண்டு; தலையில் பத்து ஓலை அளவில்தான் இருக்கும். விழும் ஓலையை ஒருவரே இழுத்து ஓரமாகப் போட்டுவிடலாம். இதற்காக அது இறகுபோல மெல்ல விழும் என்று எண்ண வேண்டாம். அடியில் பைக் நிறுத்துவதை நாங்கள் தவிர்க்கிறோம். விழுந்த ஓலையைக் கொண்டுபோவதற்கும் ஆள் கிடையாது. தென்னையோலை என்றால் விளக்குமாற்றுக்காவது ஈர்க்கு கிடைக்கும். இதை முழுதாக வைத்தால் குப்பை வண்டி எடுப்பதில்லை. இரண்டடித் துண்டுகளாக நறுக்கி, மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

ஃபாக்ஸ்டெயிலுக்கு வடிகால் அவசியம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கேப் மெல்வில் பகுதியின் கருங்கற் பாறைகளுக்கிடையே உள்ள மணற்பாங்கான மண்தான் இதன் பிறப்பிடம். தாவரவியலாளர்கள் இதற்கு முறையாகப் பெயரிட்டதே 1983இல்தான். அத்தகைய மரத்தை நம் களிமண்ணில் குழிதோண்டி வைத்தால் வடகிழக்குப் பருவமழையில் வேர் அழுகும். ஆகவே மணலும் மக்கிய எருவும் கலந்து, தரைமட்டத்திலிருந்து ஓரடி மேடாக்கி நடுவது நல்லது. ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் பெரிய மரங்களைவிட, வேர் அறுபடாமல் பையில் வளர்ந்த சிறு கன்று பாதுகாப்பானது.

அடியோலை மஞ்சளானால் உடனே வெட்டிவிடும் பழக்கத்தை மூன்று வகையிலுமே கைவிட வேண்டும். பொட்டாசியம் குறையும்போது மரம் பழைய ஓலையிலிருந்து அதை எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கிறது. அந்த ஓலையை வெட்டிவிட்டால் குறைபாடு அடுத்த ஓலைக்கு ஏறும். பொட்டாசியமும் மெக்னீசியமும் உள்ள உரத்தை இட்டு, ஓலை முழுதாகக் காயும்வரை பொறுத்திருப்பதே சரி. ஒற்றைத் தண்டுப் பனையில் குருத்து ஒன்றுதான். அது போனால் மரமே போய்விடும். ஆகவே தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு பக்கத்துத் தோப்பில் இருந்தால் ராயலையும் ஃபாக்ஸ்டெயிலையும் குருத்துப் பக்கம் கண்காணிக்க வேண்டும். இந்த ஒரு வகையில், பல தண்டுகள் உள்ள அரிக்காவுக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

எங்கள் மரம் இன்னும் பூக்கவில்லை. முதிர்ந்த ஃபாக்ஸ்டெயிலில் செம்மஞ்சள் நிறக் காய்கள் குலைகுலையாகக் காய்க்கும். அவை உதிர்ந்து தரையில் எவ்வளவு சேரும், பெருக்கும் வேலை எவ்வளவு கூடும் என்பதை என் அனுபவத்திலிருந்து இப்போது சொல்ல இயலாது. அந்த வேலை வேண்டாம் என்பவர்கள் பாளை வெடித்தவுடன் வெட்டிவிடலாம். ஆனால் மரம் முழு உயரம் எட்டிய பிறகு அதற்கு ஏணி தேவைப்படும்.