பொருளுரைக்குச் சான்று தேட மூன்று இலவசத் தளங்கள்: எது எதற்கு?

பழந்தமிழ்ப் பாடலுக்குத் திறனாய்வுக் கட்டுரை எழுதும் மாணவருக்கு மூன்று தளங்கள் போதும்: ப்ராஜெக்ட் மதுரை என்று பலரும் சொல்லும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் இணைய வடிவம். மூன்றும் இலவசம். பொருளுரையில் (கட்டுரையில் முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நடுவே வரும் பகுதி) ஒரு பத்தியை உருப்படியாக எழுதி முடிக்க எது எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். சோதனைக்குக் குறுந்தொகையின் மூன்றாம் பாடல்:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் மூலபாடத்துக்கு நல்ல இடம். கோப்பைத் திறந்து வேண்டிய அடியை நகலெடுத்துக்கொள்ளலாம். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தவை என்பதால் ஒற்றுப்பிழை கண்ணில் படும். மேற்கோளை அச்சுப் பதிப்போடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். தேடும்போது இன்னொரு தொல்லை. சீர் பிரித்து அடித்த கோப்பில் ‘நீரினு மாரள’ என்று இருந்தால், ‘நீரினும்’ என்று தேடினால் சிக்காது. சொல்லின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடுவது மேல்.

கல்விக்கழக நூலகத்தில் குறுந்தொகைக்கு உ.வே.சா.வின் உரையே கிடைக்கிறது (அச்சில் வந்தது 1937). பத்திக்கு உயிர் கொடுக்கும் ஒரு செய்தி இங்கேதான் இருக்கிறது: துறை, அதாவது பாடலை யார், யாரிடம், எந்தச் சூழலில் சொல்கிறார் என்ற குறிப்பு. தலைவன் சிறைப்புறத்தில் (வீட்டு வேலிக்கு வெளியே) நிற்கிறான். அவன் மணந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைப் பழிக்கிறாள். தலைவி அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். இது தெரியாமல் எழுதினால் பாட்டு வெறும் காதல் புகழ்ச்சியாகிவிடும். தெரிந்து எழுதினால் அது ஒரு மறுமொழி. உரையில் வரும் ‘ஒப்புமைப் பகுதி’யை மாணவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேறு பாடலோடு ஒப்பிட்டு இரண்டாவது பத்தி எழுத நினைப்பவருக்கு அதைவிடக் குறுக்கு வழி இல்லை.

இந்தத் தளத்தில்தான் ஆபத்தும் அதிகம். பதவுரையை (சொல்லுக்குச் சொல் பொருள் தரும் பகுதி) சற்றே மாற்றி எழுதிவிட்டு அதையே ஆய்வு என்று வைத்துவிடுகிறார்கள். சோதிப்பது எளிது: பத்தியிலிருந்து மேற்கோளை எடுத்துவிட்டுப் படியுங்கள். மிச்சம் இருப்பது பாட்டின் பொருள் மட்டும்தான் என்றால் அது உரைநடையாக்கம். அதற்கு மதிப்பெண் விழாது, விழவும் கூடாது.

பள்ளியில் பழகிய உட்தலைப்பும் இதற்குத் துணைபோகிறது. ‘இயற்கை வருணனை’ என்று தலைப்புப் போட்டதும் கருத்தைச் சொல்லிவிட்டதாக ஒரு நிம்மதி வந்துவிடும். அது கருத்தே அல்ல, பெயர்ப்பலகை. பத்தியின் முதல் வாக்கியம், படிப்பவர் மறுத்துப் பேசக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றில் அதிகம் பயன்படுவது, யாரும் எதிர்பார்க்காத பேரகராதிதான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் பிற்சேர்க்கை. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தமிழ் எழுத்திலேயே தேடலாம். ‘இழைத்தல்’ என்று தேடினால் செய்தல், பதித்தல் என்று பொருள்கள் வரிசையாக வரும். அங்கிருந்து இப்படி ஒரு பத்தி பிறக்கும்:

“நட்பின் அளவைச் சொல்லத் தொடங்கும் தலைவி, அது உருவான விதத்தைச் சொல்லி முடிக்கிறாள். முதல் இரண்டு அடிகளில் நிலமும் வானும் நீரும் வந்து அகலம், உயரம், ஆழம் மூன்றையும் நிரப்பிவிடுகின்றன. மூன்றாம் அடியில் பார்வை சட்டென்று கரிய கொம்பில் இருக்கும் பூவுக்கு இறங்குகிறது. ‘பெருந்தேன் இழைக்கும்’ என்பதில் தேன் தானாகக் கிடைப்பதில்லை. பூப்பூவாக எடுத்துச் செய்யப்படுகிறது. தலைவனைப் பழித்த தோழிக்கு இதுவே விடை: இந்த நட்பு ஒரே நாளில் வந்ததல்ல, அதனால் ஒரு சொல்லில் உதறவும் முடியாது.”

ஆறே வாக்கியம். கருத்துக்கு ஒன்று, சான்றோடு விளக்கத்துக்கு நான்கு, கட்டுரையின் மையத்தோடு முடிச்சுப் போட ஒன்று. நான்கு அடிப் பாடல்தானே என்று முழுவதையும் பத்திக்குள் இறக்கவில்லை. இரண்டே சொல்தான் மேற்கோள். விளக்கம் மேற்கோளைவிட நீளமாக இருக்க வேண்டும். ‘புலவர் அழகுற எடுத்துரைக்கிறார்’ என்ற வாக்கியத்துக்கு இங்கே வேலையே இல்லை.

பேரகராதியில் ஒரு கவனம் தேவை. பட்டியலில் உள்ள பொருள்களில் பிடித்ததை எடுத்துப் பாட்டுக்கு மாட்டக்கூடாது. வாக்கிய அமைப்பு அந்தப் பொருளைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பதைப் பத்தியில் சேர்க்கும் ஆசையும் அதே வகை. பாடலில் அந்தச் செய்தி இல்லை. சேர்த்தால் வெளித்தகவல் என்று தெரியும்படி எழுதுங்கள், வாதத்தை அதன் தலையில் சுமத்தாதீர்கள்.

பேரகராதியின் மேற்கோள் சுருக்கக் குறிகள் புதியவரைக் குழப்பும். சுருக்கப் பட்டியலைத் தனியாகத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. எந்தத் தளத்திலிருந்து எடுத்தாலும் வெறும் இணைய முகவரியைக் கொடுத்துவிட்டு நின்றுவிட வேண்டாம், குறுந். 3:4 என்று பாடல் எண்ணும் அடி எண்ணும் போடுங்கள்.