கோடியக்கரையா, பழவேற்காடா?

பறவையும் விலங்கும் பார்க்கச் சென்னையிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்ப வேண்டுமென்றால் பழவேற்காடுதான். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும், ஆனால் ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதால் பறவைக் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்ல முடியாது. பறவை ஏமாற்றினால் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்கவே போகலாம். படகு விஷயத்தில் மட்டும் கவனம். 2011-இல் இங்கே பெரிய விபத்து நடந்தது.

கோடியக்கரை வேறு மாதிரி. வேதாரண்யம் வரை போய்ச் சேருவதே பெரும்பாடு, அப்புறம் உப்பளங்களைத் தாண்ட வேண்டும். ஆனால் 1967-இல் சரணாலயமான இந்தக் காட்டில் வெளிமான்கள் ஆண்டு முழுவதும் உண்டு. முறுக்குக் கொம்போடு கருத்த கிடா ஒன்று புல்வெளியில் நிற்பதைப் பார்த்தால் பயண அலுப்பு போய்விடும். காட்டுக்குள் பாலை மரங்கள், திறந்த வெளியில் யாருக்கும் சொந்தமில்லாத மட்டக்குதிரைகள், சதுப்பில் பூநாரை, உள்ளான். ராமர் பாதம் மேட்டில் ஏறினால் காடு முழுக்கத் தெரியும். கடைகண்ணி குறைவு, சாப்பாடும் தண்ணீரும் கையோடு வேண்டும். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தைத் தேடாதீர்கள், 2004 சுனாமியில் போய்விட்டது.

இரண்டு நாள் கிடைத்தால் நான் கோடியக்கரைக்குத்தான் போவேன், மழை ஓய்ந்த ஜனவரியில்.