கேமரா, மைக் அனுமதி: விண்டோஸ், மேக், பிரவுசர் – எதை நம்பலாம்?

"கேமராவைப் பயன்படுத்த அனுமதிக்கலாமா?" என்று பெட்டி வரும்போது மீட்டிங் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். படித்துப் பார்க்க நேரமேது? சரி என்று தட்டிவிட்டு உள்ளே போய்விடுவோம். அந்தச் 'சரி' யாருக்குப் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு காலம் செல்லும் என்பது விண்டோஸில் ஒரு மாதிரி, மேக்கில் ஒரு மாதிரி, பிரவுசரில் வேறு மாதிரி.

இருப்பதில் கறாரானது மேக். 2018-இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து ஒவ்வொரு ஆப்பும் கேமராவுக்குத் தனியாக, மைக்குக்குத் தனியாக அனுமதி கேட்டாக வேண்டும். ஒருமுறை மறுத்துவிட்டால் அந்தப் பெட்டி மறுபடி வந்து நச்சரிக்காது. நீங்களாக செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் மாற்றினால்தான் உண்டு. மாற்றிய பிறகு ஆப்பை மூடித் திறக்கச் சொல்லும், மீட்டிங் நடுவே அது எரிச்சல்தான். 2021-இல் வந்த மான்டரே பதிப்பு முதல், மைக் ஓடும்போது திரையின் மேலே ஆரஞ்சுப் புள்ளி தெரியும். கன்ட்ரோல் சென்டரைத் திறந்தால் எந்த ஆப் என்ற பெயரும் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது வெளியே தெரியாத ஓர் ஏற்பாடு: ஆப்பிளின் சொந்த சிப் உள்ள (ஆப்பிள் சிலிக்கன்) மேக்புக்கின் மூடியைச் சாத்தினால் மைக் ஹார்டுவேரிலேயே துண்டிக்கப்படுகிறது. எந்த சாஃப்ட்வேர் கெஞ்சினாலும் அது திறக்காது.

ஆனாலும் இந்தக் காவல், யாரை உள்ளே விடலாம் என்று மட்டும்தான் பார்க்கும். உள்ளே விட்டவர் எப்போது கேமராவைத் தொடுகிறார் என்பதில் தலையிடாது. 2019 ஜூலையில் ஜூமின் மேக் ஆப்பில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. ஏதோ ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே, கேமரா ஓடும் நிலையில் ஆளை ஒரு மீட்டிங்குக்குள் இழுத்துவிட முடிந்தது. ஆப்பை நீக்கிய பிறகும் கம்ப்யூட்டரில் தங்கியிருந்த சிறு சர்வர் அதைத் திரும்ப நிறுவும் வேலையைச் செய்தது. கடைசியில் ஆப்பிளே அப்டேட் அனுப்பி அந்த சர்வரை அகற்றியது. ஜூமுக்குத்தான் முன்பே அனுமதி கொடுத்தாகிவிட்டதே, மேக் எதைத் தடுக்கும்?

விண்டோஸுக்கு வருவோம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் போய், பிரைவசியில் கேமரா பக்கத்தைத் திறந்தால் ஒரு நீளமான பட்டியல் வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்த ஆப் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். பார்க்க மேக் போலவே தோன்றும். அப்படியே கீழே இறங்குங்கள். டெஸ்க்டாப் ஆப்களுக்கு, அதாவது பெரும்பாலும் ஸ்டோருக்கு வெளியிலிருந்து நாமே நிறுவுபவற்றுக்கு, என்று ஒரு வரி, அதற்கு ஒரே ஒரு சுவிட்ச். ஜூம், குரோம், வீடியோ பதிவுக்கான ஓபிஎஸ், எவனோ அனுப்பிய ஒரு இஎக்ஸ்இ ஃபைல், எல்லாம் அந்த ஒரே சுவிட்சின் கீழ். கடைசியாக யார் எப்போது பயன்படுத்தினார் என்று பெயரும் நேரமும் காட்டும், ஆனால் பெயருக்குப் பக்கத்தில் அணைக்க எதுவும் இருக்காது. நாம் தினமும் பயன்படுத்துவதில் பெரும்பாலானவை டெஸ்க்டாப் ஆப்கள்தான், அதனால் மேலே இருக்கும் அழகான சுவிட்சுகளால் பெரிய லாபமில்லை. டெஸ்க்டாப் ஆப்களுக்கான அந்த ஒரே சுவிட்சை அணைத்தாலும் சில டெஸ்க்டாப் ஆப்கள் கேமராவை எட்ட முடியலாம் என்று மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் ஒப்புக்கொள்கிறது. நல்லதையும் சொல்லிவிட வேண்டும்: கடந்த ஏழு நாளில் எந்த ஆப் தொட்டது என்று காட்டும் பகுதி உருப்படியானது. மைக் ஓடும்போது டாஸ்க்பாரில் வரும் சின்ன மைக் படத்தின் மேல் மவுஸை வைத்தால் ஆப்பின் பெயரும் தெரியும்.

அதனால்தான் விண்டோஸ்காரர்களுக்கு நான் பிரவுசரைச் சொல்கிறேன். ஆப்பை நிறுவாமல் அதே மீட்டிங்கை ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ திறந்தால், விண்டோஸ் தராத தனித்தனி அனுமதி அங்கே தளவாரியாகக் கிடைக்கிறது. பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் தளம் இல்லையென்றால் கேமராவைக் கேட்கவே முடியாது. டேப்பை மூடினால் கதை முடிந்தது. பின்னால் ஒளிந்து ஓட எதுவும் மிச்சமில்லை. ஃபயர்ஃபாக்ஸ், நினைவில் வை என்று நீங்கள் டிக் செய்யாத வரை ஒவ்வொரு முறையும் கேட்கும். குரோமின் பெட்டியில் முதலில் இருப்பது அந்தத் தளத்துக்கு வரும்போதெல்லாம் அனுமதி. அதற்கு அடுத்ததுதான் இந்த முறை மட்டும். கண் முதலாவதில் விழும், கை இரண்டாவதுக்குப் போக வேண்டும். வங்கியின் வீடியோ கேஒய்சி கேமரா, மைக், இருப்பிடம் என மூன்றையும் கேட்கும். எப்போதோ ஒருமுறை செய்கிற வேலைக்கு நிரந்தர அனுமதி எதற்கு?

பிரவுசரில் வசதிகள் சில குறையும், ஜூமில் மீட்டிங் நடத்துபவர் பிரவுசர் இணைப்பை மறைத்தும் வைக்கலாம். ஆபீஸுக்காக நாள் முழுக்க டீம்ஸில் கிடப்பவருக்கு ஆப்தான் சரிப்படும். மாதம் ஒரு முறை வரும் பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்காக ஒரு ஆப்பை நிறுவுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

லினக்ஸைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. ஃபிளாட்பேக் என்ற, ஆப்பைத் தனிக் கூண்டுக்குள் ஓடவைக்கும் முறையில் நிறுவியவற்றைக் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம். ஆனால் பல ஃபிளாட்பேக் ஆப்களில் ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் ஒரே வழி. பாட்டுக் கேட்க அனுமதித்தால் மைக்கும் கூடவே போய்விடும். வழக்கமான முறையில் நிறுவியவற்றுக்கு அதுவும் கிடையாது.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் கணக்கே வேறு. விண்டோஸில் நிர்வாகி, ஸ்டோர் ஆப்களுக்குக் கேமரா அனுமதியைத் தன் இடத்திலிருந்தே கட்டாயமாக்கலாம். மேக்கில் நிர்வாகி கேமராவையும் மைக்கையும் மறுக்கத்தான் முடியும், உங்கள் சார்பில் 'சரி' சொல்ல முடியாது. 2010-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம், மாணவர்களுக்குக் கொடுத்த மேக்புக்குகளின் வெப்கேமில் வீட்டிலிருந்த பிள்ளைகளைப் படமெடுத்தது வெளிவந்து, 6,10,000 டாலருக்கு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. அப்போது இந்த அனுமதிப் பெட்டிகளே கிடையாது.

இப்படிப்பட்ட லேப்டாப்பில் நம் கையில் இருப்பது கேமராவின் கண்ணை மூடும் ஷட்டர் மட்டும்தான். திங்க்பேட் போன்றவற்றில் உள்ளேயே தள்ளுகதவு இருக்கிறது. இல்லாதவர்கள் ஸ்டிக்கர் ஒட்டலாம். மேக்புக்கில் மட்டும் தடித்த மூடி வேண்டாம்: பிரிண்டர் தாளின் தடிமனுக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, இல்லாவிட்டால் மூடும்போது திரை சேதமாகலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது.

ஷட்டரில் ஒரு குறை, அது கண்ணை மட்டும்தான் மூடும். மைக் துளையின் மேல் ஒட்டும் டேப் சத்தத்தை மங்கலாக்குமே தவிர நிறுத்தாது. ஹெட்செட் செருகினாலும் லேப்டாப்பின் சொந்த மைக் செத்துவிடாது, ஆப் விரும்பினால் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அனுமதிப் பட்டியலில் கேமராவைவிட மைக்கைக் கவனமாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்: யூஎஸ்பி வெப்கேமைப் பிடுங்கினால் கேமராவும் அதற்குள் இருக்கும் மைக்கும் சேர்ந்தே போய்விடும்.