அப்பாவின் இதயப் பம்பு: கன்றுகள் சொன்னதும் சொல்லாததும்

ஹார்ட்மேட் 3 என்னும் இதயப் பம்பைப் பொருத்திக்கொண்ட அப்பாவுடன் கோலாலம்பூரில் ஒரே வீட்டில் வாழ்பவன் என்ற முறையில், இக்கருவியை இரண்டாகப் பிரித்தே மதிப்பிட வேண்டும் என்று கருதுகிறேன். மார்புக்குள் இருக்கும் பகுதி மிகச் சிறப்பானது. வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் கம்பியும் அதனுடன் சுமக்க வேண்டிய பேட்டரிகளும் அந்த அளவுக்குச் செம்மை பெறவில்லை. இந்த வேறுபாட்டுக்கான காரணம், கருவி மனிதருக்கு வருமுன் எந்த உயிர்களில், எதைக் கண்டறியச் சோதிக்கப்பட்டது என்பதிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது.

இது முழுச் செயற்கை இதயம் அன்று; இடது கீழறையிலிருந்து இரத்தத்தை இழுத்து மகாதமனிக்குத் தள்ளும் பம்பு. உள்ளே சுழலும் தட்டு எதையும் தொடாமல் காந்த விசையால் மிதப்பதால் இரத்த அணுக்கள் நசுங்குவது குறைகிறது. இரத்தம் தேங்கி உறையாதிருக்க, இரண்டு விநாடிக்கு ஒருமுறை சுழற்சி வேகம் மாறுகிறது. 1,028 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், பம்புக்குள் இரத்தம் உறையும் சிக்கல் இதில் 1.4 விழுக்காட்டினருக்கும் முந்தைய மாதிரியில் 13.9 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. மூச்சு வாங்காமல் நாலு எட்டு வைக்க முடியாதிருந்த அப்பா, இன்று பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் காய்கறி பார்த்து வாங்குகிறார்.

அம்மா சைவ உணவுக்காரர். இப்பம்பு முதலில் கன்றுக்குட்டிகளில் சோதிக்கப்பட்டது என்று மருத்துவர் சொன்னபோது, "அந்தக் கன்னுங்களுக்கு அப்புறம் என்னாச்சுங்க டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். சோதனை முடிந்ததும் அவற்றைக் கருணைக்கொலை செய்து, உடலைத் திறந்து சிறுநீரகம் முதலான உறுப்புகளைப் பரிசோதிப்பார்கள் என்று மருத்துவர் மறைக்காமல் விளக்கினார். பம்பிலிருந்து கிளம்பும் மிகச் சிறிய இரத்தக்கட்டிகூடச் சிறுநீரகத்தில் தழும்பாகப் பதியும். உயிரோடிருக்கும் நோயாளியிடம் அதை அப்படித் தேடிப் பார்க்க வழியில்லை. அம்மாவின் மனம் முழுவதும் ஆறவில்லை, என் மனமும்தான். ஆயினும் அந்தச் சோதனை இல்லாமல் அப்பாவின் மார்பைத் திறக்க நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

இந்தத் துறை நடந்து வந்த பாதையைப் பார்த்தாலே அது விளங்கும். 1957இல் கோல்ஃப், அகுட்சு என்னும் ஆராய்ச்சியாளர்கள் ஒரு நாய்க்குப் பொருத்திய செயற்கை இதயம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அதன் உயிரைக் காத்தது. 1981இல் அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு கன்று செயற்கை இதயத்துடன் 268 நாட்கள் வாழ்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அங்கேயே ஜார்விக்-7 என்னும் செயற்கை இதயம் பொருத்தப்பெற்ற பார்னி கிளார்க் என்னும் நோயாளி, வலிப்பும் இரத்தக்கசிவும் வாட்ட, 112 நாட்கள் மட்டுமே வாழ்ந்தார்.

கன்றின் மார்பு வளர்ந்த மனிதருக்கான கருவியைத் தாங்கும் என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அது வேகமாக எடை கூடுவதால் சோதனையை நெடுங்காலம் நீட்டிக்க முடிவதில்லை. பெரும்பாலும் அதன் இதயம் ஆரோக்கியமானது. அப்பாவுடையதோ வீங்கித் தளர்ந்த இதயம். மேலும் கன்று பேட்டரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து ஏறுவதில்லை.

வீட்டில் எங்களுக்கு உள்ள சிரமங்கள் பெரும்பாலும் கன்றுக்கும் மனிதருக்கும் உள்ள அந்த இடைவெளியிலிருந்தே வருகின்றன. நம் ஊர்ப் புழுக்கத்தில் கம்பி வெளிவரும் இடத்தில் வியர்வை தேங்கி, கட்டின் ஓரம் பிரிந்துவிடுகிறது. கையுறை அணிந்து, கிருமிநாசினியால் துடைத்து, அம்மா புதிய கட்டுப் போடும் வரை அப்பா அசையாமல் படுத்திருப்பார். ஒரு ஜோடி பேட்டரி அதிகபட்சம் 17 மணி நேரம் தாங்கும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. இரவில் சுவர் மின்சாரத்துடன் இணைந்தே உறங்குகிறார். நீச்சல் கூடாது, எம்.ஆர்.ஐ. எடுக்கவும் கூடாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பதால் முருங்கைக்கீரையைக்கூட ஒரே அளவில்தான் உண்ண வேண்டும். பம்பு இரத்தத்தை இடைவிடாமல் தள்ளுவதால் அப்பாவின் கையில் நாடித் துடிப்பு தெரிவதில்லை. சளிக்காகப் போன ஒரு கிளினிக்கில், நாடி கிடைக்காமல் திகைத்த தாதி ஆம்புலன்ஸை அழைக்கவே முனைந்துவிட்டார்.

2007இல் மலேசியாவின் தேசிய இருதயக் கழக மருத்துவமனையில் ஒரு பதின்ம வயதுச் சிறுமி, ஏறக்குறைய ஓராண்டு இயந்திர இதயத்துடன் காத்திருந்து மாற்று இதயம் பெற்றார். தானம் அரிதாகக் கிடைக்கும் இந்நாட்டில், காத்திருக்கும் காலத்துக்கு இத்தகைய பம்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கையெழுத்திடுமுன், கட்டை மாற்ற யார் பழகப் போகிறார்கள், மின்தடை நீண்டால் எங்கே செல்வது, நாடியில்லாத நோயாளிக்கு இரத்த அழுத்தம் பார்க்க, ஒலி அலையால் இரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் கருவி வைத்திருக்கும் கிளினிக் அருகில் எது என்பவற்றை மருத்துவக் குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.